போர்க்காலமும் ஊர்க்கணக்கும்

1942-ம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி ரங்கூன் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பத்திரிகை படிக்கக் கேட்டவர்களில் பலர், கடலுக்கு அப்பால் ஓர் ஊரில் ஒரு கொடி இறங்கி மற்றொரு கொடி ஏறியது என்ற அளவில் அச்செய்தியை எடுத்துக்கொண்டிருக்கலாம். அதன் முழுப் பொருள் சில மாதங்களுக்குள் அரிசிக் கடை வாசலில் விளங்கிற்று. அதற்கு முந்திய வருஷங்களில் சராசரியாக 10 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பர்மா அரிசி கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அது ஒரே பருவத்தில் அடியோடு நின்றுபோயிற்று.

உலக யுத்தத்தினால் ஒரு தேசத்தின் அயல்நாட்டு உறவும், பொருளாதாரமும், குடிகளின் அன்றாட வாழ்வும் எவ்வாறு மாறுகின்றன என்று எழுதுவோர் மந்திரிகளையும் தளபதிகளையும் பற்றியே மிகுதியாக எழுதுகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியா பட்ட பாட்டைக் கிராமச் சாவடியிலிருந்து பார்த்தால், இம்மூன்றும் வந்து கூடும் இடம் ஒன்று புலப்படும். அதுதான் கர்ணத்தின் கையிலிருந்த சாகுபடிக் கணக்கு. எந்த நிலத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், என்ன விளைச்சல் என்னும் மூன்று கேள்விகளுக்கு ஓரளவேனும் உண்மையான விடை வைத்திருந்த இடங்கள் யுத்தத்தின் நெருக்கடியை ஒருவாறு தாங்கின. விடை இல்லாத இடத்தில் ஜனங்கள் மடிந்தார்கள். இவ்வளவு பெரிய கேட்டுக்கு இவ்வளவு சிறிய காரணமா என்று தோன்றலாம். காரணம் இது ஒன்றே என்பதற்கில்லை. எனினும் மற்றக் காரணங்கள் பெரும்பாலும் கிராமத்தின் கைக்கு எட்டாதவை, இது எட்டக்கூடியது.

பர்மா அரிசியின் கதை தமிழர்களுக்கு அந்நியமானதன்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு வெட்டி வயலாக்கிய குடியானவர்களுக்கு முதல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள். 1929-க்குப் பின் நேர்ந்த விலை வீழ்ச்சியில் கடன்கள் அடைபடாமற் போகவே, 1930-களின் பிற்பகுதியில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் அவர்கள் பேருக்கு மாறிவிட்டது. அறுவடைக்கும் ஆலை வேலைக்கும் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். இவ்வாறு தமிழர் முதலும் உழைப்பும் சேர்ந்து விளைந்த அரிசி மலிந்த விலைக்குச் சென்னையில் வந்து இறங்கியபோது, அதனால் தங்கள் நெல் விலை போகவில்லை என்று தஞ்சாவூர் மிராசுதார்கள் முறையிட்டார்கள். 1935-ல் வெளிநாட்டு நொய்யரிசியின்மேல் சர்க்கார் வரி விதித்தது. ஆனால் பர்மா அப்போது இந்தியாவைச் சேர்ந்த ஒரு மாகாணமாகையால் அந்த அரிசிக்கு அது தடையாகவில்லை. 1937-ல் பர்மா தனியாகப் பிரிந்த பிறகும் கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன.

பத்து வருஷங்களுக்கு முன் வேண்டாம் என்று சபிக்கப்பட்ட அரிசி, 1942-ல் வராதா என்று ஏங்கும்படி ஆயிற்று. தஞ்சாவூரிலும் கிருஷ்ணா கோதாவரி ஜில்லாக்களிலும் நெல் இருந்தது. மலையாளக் கரையில் இல்லை. திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் தங்களுக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்தே தருவித்து வந்தன. இலங்கையின் நிலையும் ஏறக்குறைய அதுவே. தென்னை, ரப்பர், தேயிலை, மிளகு என்று விற்றுப் பணமாக்கி, அந்தப் பணத்தால் அரிசி வாங்கிச் சாப்பிட்ட நாடுகள் அவை. சமாதான காலத்தில் இது லாபகரமான ஏற்பாடு. கப்பல் நின்றவுடன் மரவள்ளிக் கிழங்கு மட்டுமே துணையாயிற்று. திருவாங்கூரில் ஏழைகளின் உயிரை அந்த வருஷங்களில் காத்ததில் அக்கிழங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

புஞ்சைக் குடியானவனையும் யுத்தம் விட்டுவைக்கவில்லை. தென்னாற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களின் நிலக்கடலை ஐரோப்பாவை நம்பி விளைந்த பயிர். 1940-ம் வருஷம் ஜூன் மாதம் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்ததும் அந்தச் சந்தை மூடப்பட்டது. குட்டையிழைப் பருத்தியைப் பெருமளவில் வாங்கிவந்தது ஜப்பான். 1941 டிசம்பரில் அந்நாடு சத்துரு நாடாயிற்று. பாரிஸிலும் தோக்கியோவிலும் நடந்த காரியங்களைப் பற்றி விருத்தாசலத்துக் குடியானவனை யாரும் கலந்துகொள்ளவில்லை. டில்லியிலும் அப்படித்தான் நடந்தது. 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைசிராய் லின்லித்கோ பிரபு சட்டசபைகளைக் கேளாமலே இந்தியா யுத்தத்தில் இறங்கியதாக அறிவித்தார். அதை ஆட்சேபித்து ராஜாஜியின் சென்னை மந்திரிசபை உட்படக் காங்கிரஸ் மந்திரிசபைகள் அவ்வருஷக் கடைசியில் ராஜிநாமாச் செய்தன. இதனால் நேர்ந்த நஷ்டம் அரசியலோடு நிற்கவில்லை. 1942-ல் "அதிக உணவு விளைவியுங்கள்" என்னும் இயக்கம் தொடங்கி, கடலையையும் பருத்தியையும் குறைத்துத் தானியம் பயிரிடும்படி குடிகளைக் கேட்டபோது, கேட்டவர்கள் ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்ற மந்திரிகள் அல்லர், கவர்னரின் ஆலோசகர்கள்.

இனி, விளைந்த நெல்லைக் குடியானவன் ஏன் சந்தைக்குக் கொண்டுவரத் தயங்கினான் என்பதைப் பார்க்க வேண்டும். அவனைப் பதுக்கல்காரன் என்று ஏசுவது அக்காலத்தில் வழக்கமாயிற்று. விஷயம் அவ்வளவு எளிதன்று. இந்தியாவில் பிரிட்டிஷ் சர்க்கார் யுத்தத்துக்காக வாங்கிய பொருள்களுக்கும், இந்தியப் பட்டாளத்துக்காக அது ஏற்றுக்கொண்ட செலவுக்கும், லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்த வரவை ஆதாரமாகக் கொண்டு இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. 1939-ல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945-ல் ஏறக்குறைய ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. யுத்தத்துக்கு முன் இங்கிலாந்துக்குக் கடன்பட்டிருந்த இந்தியா, யுத்தம் முடிந்தபோது சுமார் 130 கோடி பவுன் தனக்கு வரவேண்டிய நாடாயிற்று. கணக்கில் பார்த்தால் இது பெரிய ஐசுவரியம். ஆனால் லண்டனில் எழுதிவைத்த வரவைக் கொண்டு ஒரு கலப்பைக் கொழு வாங்க முடியாது. இரும்பு பட்டாளத்துக்குப் போயிற்று, துணி அரிதாயிற்று, பெருமளவில் பர்மாவிலிருந்தே வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயும் நின்றது. நெல்லைக் கொடுத்தால் கிடைப்பது காகிதம், அந்தக் காகிதத்துக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை என்னும் நிலையில், பத்தாயத்தில் இருக்கும் நெல்லே நல்ல நாணயம் என்று குடியானவன் எண்ணினான். அதில் பேராசையும் இருந்திருக்கலாம், விவேகமும் இருந்தது. நெல்லுக்கு விலை நிர்ணயித்த சர்க்கார், குடியானவன் வாங்கும் பொருள்களின் விலையை அதே உறுதியோடு நிர்ணயிக்கவில்லை என்பது மறுக்க முடியாத குறை.

இந்தச் சூழ்நிலையில்தான் வங்காளத்தின் கதி நிர்ணயமாயிற்று. 1942-ல் ஜப்பானியர் கடல்வழியாக வந்து இறங்கினால் அவர்களுக்குப் பயன்படக்கூடாது என்று கரையோர ஜில்லாக்களிலிருந்து அரிசியும், ஆயிரக்கணக்கான படகுகளும் அகற்றப்பட்டன. படகே அங்கு வண்டி. அக்டோபர் 16-ந் தேதி மிதுனபுரி ஜில்லாவைப் பெரும்புயல் தாக்கியது. அவ்வருஷக் குளிர்காலத்து நெற்பயிரில் செம்புள்ளி நோயும் கண்டது. இவையெல்லாம் சேர்ந்து விளைச்சல் எவ்வளவு குறைந்தது? இக்கேள்விக்கு அப்போதும் விடை கிடைக்கவில்லை. எண்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகும் கிடைக்கவில்லை.

ஏனெனில் வங்காளத்தில் கர்ணம் இல்லை. 1793-ல் ஜமீன்தார்களோடு செய்துகொண்ட சாசுவத செட்டில்மெண்டின்படி அங்கே நிலவரி என்றென்றைக்கும் ஒரே தொகையாக நிர்ணயிக்கப்பட்டது. வரி மாறாதாகையால், எந்த வயலில் என்ன விளைந்தது என்று வருஷந்தோறும் எழுதிவைக்கச் சர்க்காருக்கு அவசியம் இல்லாமற் போயிற்று. எழுதுவதற்கென்று கிராமத்தில் உத்தியோகஸ்தரும் இல்லை. சாகுபடி விஸ்தீரணம் என்று மேலே போன எண்கள் சௌகிதார்களும் கீழ்நிலைச் சிப்பந்திகளும் வாய்மொழியாகச் சொன்ன உத்தேசங்களே. கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தின் தலைவர் மகாலனோபிஸ் 1930-களின் பிற்பகுதியிலிருந்து சணல் பயிரை மாதிரி நிலங்கள் மூலமாக அளந்து பார்க்கும் முறையை நடத்தி வந்தார். சணல் வியாபாரப் பயிர். அதை அளப்பதற்குக் காட்டிய ஊக்கத்தை நெல்லுக்கும் அதே காலத்தில் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு வங்காள மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ, முரட்டரிசி 13, 14 ரூபாய்க்கு விற்றது. 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டிற்று. கூலிக்காரனுக்கு அந்த விலை எட்டாது. அதே மே மாதத்தில் மாகாண சர்க்கார், அரிசி போதிய அளவு இருக்கிறது, பதுக்கலே விலையேற்றத்துக்குக் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் வீடு வீடாகத் தேடிப் பார்த்தார்கள். கல்கத்தாவையும் ஹௌராவையும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் நடந்தது அந்தச் சோதனை. நினைத்த பதுக்கல் அகப்படவில்லை. எண் இல்லாத சர்க்கார் முதலில் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. விசாரணைக் கமிஷன் இறந்தோர் தொகையைச் சுமார் 15 லட்சம் என்று மதித்தது; பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 30 லட்சம் வரையில் கூறுகிறார்கள். இறந்தவர்களுக்கும் சரியான கணக்கு இல்லை.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், 1943-ல் வங்காளத்தில் இருந்த தானியம் முந்திய வருஷங்களின் சராசரியைவிட மிகக் குறைந்ததன்று, 1941-ஐவிட அதிகம்கூட, ஆகையால் ஏழைகளுக்கு வாங்கும் சக்தி போனதே பஞ்சத்துக்கு முக்கிய காரணம் என்று 1981-ல் எழுதினார். பயிர்நோய் நிபுணர் பத்மநாபன் 1973-ல் எழுதிய கட்டுரை, சின்சூரா, பாங்குரா ஆகிய இரண்டு நெல் ஆராய்ச்சிப் பண்ணைகளில் பல ரகங்களின் மகசூல் 1941-ஐவிட 1942-ல் மிகவும் தாழ்ந்திருந்ததை எடுத்துக்காட்டி, செம்புள்ளி நோயின் கொடுமையை வற்புறுத்துகிறது. ஒருவர் கையில் இருப்பது சர்க்கார் உத்தேசம். மற்றவர் கையில் இருப்பது இரண்டு பண்ணைகளின் தராசு. பண்ணை நிறுவை நம்பத்தக்கது. ஆனால் இரண்டு பண்ணைகள் ஒரு மாகாணம் ஆகா. விவசாய இலாகாவில் பழகியவர்களுக்கு நிறுவையின் பக்கமே மனம் சாய்வது இயல்பு. எனினும் சென் கூறுவதில் உள்ள உண்மையைத் தள்ள முடியாது. நெல் விளைவித்தவன் வீட்டில் சாவு குறைவு. கூலி வாங்கி அரிசி வாங்கியவனும், மீன்பிடித்தவனும், குயவனும், நெசவுக்காரனுமே முதலில் வீழ்ந்தார்கள்.

சென்னை மாகாணத்திலும் அரிசிப் பற்றாக்குறை இருந்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாகி, சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடிய பீதியும் இருந்தது. ஆயினும் வங்காளம் போன்ற சாவு இங்கு நேரவில்லை. அதற்குப் பல காரணங்கள். மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை நிலவியதால் கிராமந்தோறும் 1-ம் நம்பர் மாதாந்தரச் சாகுபடிக் கணக்கும், 2-ம் நம்பர் அடங்கலும் வழிவழியாக எழுதப்பட்டு வந்தன என்பது அவற்றுள் ஒன்று. 1943-ல் சென்னையில் பங்கீடு தொடங்கியது. பின்னர்க் கொள்முதல் கடுமையானபோது, குடும்பச் சாப்பாட்டுக்கும், விதைக்கும், பண்ணையாட்களின் கூலிக்கும் வேண்டியது போக மிச்சத்தை நிர்ணய விலைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்பட்டது. எவரிடம் எவ்வளவு மிச்சம் என்பதற்கு அடங்கலே ஆதாரம். வரி வசூலுக்காக ஏற்பட்ட கணக்கு சோற்றுக் கணக்காக மாறிற்று.

இதனால் அந்தக் கணக்கு களங்கமற்றது என்று கொள்ளலாகாது. விஸ்தீரணம் ஒருவாறு சரி. விளைச்சலோ, ரூபாய்க்கு இத்தனை அணா என்று பயிரைக் கண்ணால் பார்த்து மதிப்பதே வழக்கமாயிருந்தது. சில ஊர்களில் பார்க்காமலே மதித்தார்கள். வயலுக்குப் போகாமல் திண்ணையிலிருந்தே போன வருஷத்து அடங்கலைப் பார்த்து இந்த வருஷத்து அடங்கலை எழுதும் வழக்கம் அப்போது அரிதன்று. கொள்முதல் வந்த பிறகு, செல்வாக்குள்ளவர் வீட்டு நெல் கணக்கில் சுருங்கியது. ஊருக்கு விதித்த தொகை மாறாதாகையால், அந்தச் சுருக்கம் இரண்டு ஏக்கர்க்காரன் தலையில் விடிந்தது. விதை நெல்லையும் கொடுத்துவிட்டு மறு பருவத்தில் கடன் வாங்கி விதைத்தவர்கள் உண்டு. குறைத்து எழுதிய பேனாவும் குறைத்துச் சொன்ன வாயும் இதில் சமபங்காளிகள். யுத்தம் முடிந்து பல வருஷங்கள் வரையில் கட்டுப்பாடு நீடித்தது. 1952 ஜூனில் ராஜாஜி அதை நீக்கியபோது, பஞ்சம் வரும் என்று அஞ்சியவர்கள் அநேகர். வரவில்லை, அதுவரை மறைந்திருந்த நெல் சந்தைக்கு வந்தது என்பதே பொதுவான அபிப்பிராயமாயிருந்தது. அப்படியானால் பத்து வருஷ காலம் கணக்கு பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று பொருள்.

இங்கிலாந்தில் காரியம் வேறு விதமாக நடந்தது. யுத்தத்துக்கு முன் அந்நாடு தன் உணவில் பெரும்பகுதியைக் கடல் வழியாகத் தருவித்தது. இந்தியாவைவிடப் பன்மடங்கு அபாயமான நிலை. 1939-ம் வருஷம், யுத்தம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, புல்தரையை உழுது பயிரிடுவோருக்கு ஏக்கருக்கு 2 பவுன் மானியம் அறிவித்தார்கள். செப்டம்பரில் ஜில்லாதோறும் யுத்தகால விவசாயக் கமிட்டிகள் வேலை தொடங்கின. அவற்றில் பெரும்பாலும் அவ்வூர் விவசாயிகளே அங்கத்தினர்கள். விளைபொருள்களுக்கு விலையும் சந்தையும் நிச்சயம் என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே இன்ன வயலில் இன்ன பயிர் என்று உத்தரவு போட்டார்கள். 1941 முதல் 1943 வரையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5 ஏக்கருக்கு மேற்பட்ட சுமார் 3 லட்சம் பண்ணைகளையும் நேரில் பார்த்து, மண், நீர், கட்டிடம், கருவி, களை, எலித் தொல்லை வரையில் எழுதி, பண்ணையை நடத்துவோரையும் மூன்று வகுப்பாகத் தரம் பிரித்தார்கள். யுத்தம் முடிவதற்குள் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் புதிதாக உழவுக்கு வந்தது. உணவு இறக்குமதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தும், யுத்தம் முடியும் வரையில் ரொட்டிக்குப் பங்கீடு வைக்க நேரவில்லை.

இதைப் புகழும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சரியாகப் பயிரிடாதவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றும் அதிகாரம் அக்கமிட்டிகளுக்கு இருந்தது. தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்ய வழியில்லை. 1940-ல் ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் வெளியேற மறுத்த ஒரு விவசாயி, போலீஸாரோடு நேர்ந்த துப்பாக்கிச் சண்டையில் உயிரிழந்தார். அண்டை வயல்காரனே நீதிபதியாக உட்கார்ந்தால் பழைய வரப்புத் தகராறும் தீர்ப்பில் புகுந்துவிடும் என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமவாசிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அயல்நாட்டு உறவுக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1942 ஜூனில் அமெரிக்காவும் பிரிட்டனும் வாஷிங்டனில் கூட்டு உணவு சபை ஒன்றை ஏற்படுத்தின. உலகத்தில் மிஞ்சியிருந்த தானியம் யாருக்கு எவ்வளவு என்பது அதுபோன்ற சபைகளின் மேஜைமேல் நிர்ணயமாயிற்று. அங்கே இங்கிலாந்தின் பிரதிநிதிகள் இத்தனை பண்ணை, இத்தனை ஏக்கர், இத்தனை டன், ஆகவே இத்தனை கப்பல் என்று பேச முடிந்தது. இந்தியாவின் சார்பில் பேசியவர்களுக்கு அவ்வசதி இல்லை. 1943-ல் தானியம் கேட்டு டில்லியிலிருந்து மீண்டும் மீண்டும் தந்திகள் போயின. இந்தியாவில் தானியம் இருக்கிறது, பதுக்கலே தொல்லை என்ற எண்ணம் லண்டன் மந்திரிகளிடையே வேரூன்றியிருந்தது. கேட்டதில் ஒரு பகுதிக்கே கப்பல் கிடைத்தது. 1943 நவம்பரில் கனடா ஒரு லட்சம் டன் கோதுமை கொடுக்க முன்வந்தும், ஏற்றிவரக் கப்பல் ஒதுக்கப்படவில்லை. புதிய வைசிராய் வேவல் பிரபு ஓயாமல் வற்புறுத்தியதன் பேரில், 1944 ஏப்ரலில் சர்ச்சில் கப்பல்களுக்காக ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். யுத்த நடவடிக்கைகளைக் காரணம் காட்டி ரூஸ்வெல்ட் இயலாதென்றார். கணக்கு சரியாக இருந்திருந்தால் கப்பல் வந்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. அடிமை நாட்டின் பசிக்கு யுத்த மந்திரிசபை எத்தனையாவது இடம் கொடுத்தது என்பது தெரிந்ததே. ஆனால் மறுப்பவர்களுக்குச் சாக்குக் கிடைத்தது. அந்தச் சாக்கை இல்லாமற் செய்திருக்கலாம். 1946-ல் மறுபடி பருவம் பொய்த்துப் பங்கீடு நாளைக்கு 12 அவுன்ஸாகக் குறைந்தபோது, ஏ. ராமஸ்வாமி முதலியார் தலைமையில் ஒரு தூதுக்குழு வாஷிங்டனுக்குப் போய் வாதாடிற்று. அப்போது கையில் முன்னைவிடத் தெளிவான எண்கள் இருந்தன. தானியமும் ஓரளவு வந்தது.

இவை பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறிற்று. அதே மாதத்தில் இந்தியாவின் கோதுமை விளைச்சல் 1,113 லட்சம் டன் என்று மத்திய சர்க்காரின் முன்மதிப்பு வெளியாகியிருந்தது. உலகத்துக்கு உணவு கொடுக்க இந்தியா தயார் என்று ஏப்ரலில் பேசப்பட்டது. மார்ச்சு மாதத்து அனல் கதிரின் பாலை வற்றச் செய்துவிட்டதை வட இந்தியக் குடியானவர்கள் வயலிலேயே கண்டிருந்தார்கள். மே 13-ந் தேதி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அதே மாதத்தில் மதிப்பும் சுமார் 1,064 லட்சம் டன்னாகக் குறைக்கப்பட்டது. முந்திய வருஷம் 433 லட்சம் டன் கொள்முதல் செய்த சர்க்காருக்கு அவ்வருஷம் 188 லட்சம் டன்னே கிடைத்தது. வியாபாரிகள் அதிக விலை கொடுத்ததும் அதற்குக் காரணந்தான். எனினும், வயலில் தெரிந்த சங்கதி தலைநகருக்குப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட சில வாரங்களில் ஒரு தேசத்தின் வாக்கு வெளிநாடுகளில் மாறிப்போயிற்று. பொட்டாஷ் உரம் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாடு இது. அது வரும் நாடுகளில் ருஷ்யாவும் பேலரஸும் முக்கியமானவை. அவ்வருஷத்து உர விலையேற்றத்தைச் சமாளிக்க மத்திய சர்க்கார் கொடுத்த மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

கர்ணங்கள் 1980-ல் போய்க் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள், அடங்கல் போகவில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும், பயிர்க் கடன் வாங்கவும், இன்ஷூரன்ஸ் கட்டவும் இன்று அடங்கல் நகல் கேட்கப்படுகிறது. ஆகவே ஒரே வயல் பலவிதமாகப் பேசும்படி நேர்ந்திருக்கிறது. கடன் வாங்கும்போது விஸ்தீரணம் விரிகிறது. இன்ஷூரன்ஸ் நஷ்டம் கேட்கும்போது மகசூல் சுருங்குகிறது. கொள்முதல் காலத்தில் விதைக்காத நிலத்திலும் நெல் விளைந்து, யாரோ ஒரு வியாபாரியின் மூட்டைகளுக்கு அது பெயர் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் அப்போதைக்குச் சிறு அனுகூலமாகத் தோன்றுகிறது. அதற்கு இணங்கும் மிராசுதார், கொள்முதல் நிலையத்தில் தம் சொந்த நெல் பனியில் கிடப்பது ஏன் என்று அதே வாரத்தில் கேட்பதும் உண்டு.

சர்க்காரும் தன் பங்கைச் செய்ய வேண்டும். உண்மை சொன்னவன் நஷ்டப்படமாட்டான் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் குடியானவன் உண்மை சொல்வான். விதைக்குமுன் விலையைச் சொல்லியது இங்கிலாந்து. அறுத்தபின் ஆளை அனுப்பியது அக்காலத்து இந்திய சர்க்கார். கிராம அலுவலர் ஒருவருக்கே இரண்டு மூன்று கிராமங்களைச் சேர்த்துக் கொடுத்து, சான்றிதழ் வேலைகளையும் சுமத்திவிட்டு, பட்டா நம்பர்தோறும் வயலில் நின்று பார்த்து எழுது என்று சொல்வதும் நியாயமன்று.

மகசூலைக் கண்ணால் மதிப்பதற்குப் பதிலாக அறுத்து நிறுக்கும் முறையை 1940-களின் நடுவில் சுகாத்மே முதலிய புள்ளிவிவர நிபுணர்கள் இந்நாட்டில் நிலைநாட்டினார்கள். இன்று நெல்லுக்கு 5 மீட்டர் நீளம் 5 மீட்டர் அகலம் அளந்து, நான்கு மூலையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே அகப்பட்டதை மாத்திரம் அறுத்து அடித்துத் தூற்றி, அங்கேயே நிறுத்து எழுதுகிறார்கள்; பின்னர்க் காயவைத்து மறுபடி நிறுக்கிறார்கள். எந்த வயல், வயலில் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி என்பதைச் சீட்டுப் போட்டதுபோல் எண் அட்டவணையே நிர்ணயிக்கும். அறுவடை நாளில் வயல்காரரும் உடனிருந்து தராசைப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். அந்த இடம் சேறாக இருந்தாலும், பயிர் சாய்ந்திருந்தாலும், வரப்போரத்தில் நல்ல கதிர் நிற்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், எண் விழுந்த இடத்திலேதான் முளை அடிக்க வேண்டும்.